ஏழரைச் சாண் தெளிவு

உங்கள் ஸ்டேஷன் டீயைக் குறை சொல்ல மாட்டேன். தூளும் பாலும் அளவாகத்தான் விழுந்திருக்கின்றன. தண்ணீர்தான் போர் தண்ணீர், நாக்கு நுனியில் லேசாக உப்புக் கரிக்கிறது. டீ கொண்டுவந்த காவலரிடம் இதைச் சொன்னேன். "பெரிசு இங்க வந்தும் தண்ணி டெஸ்ட்டு பண்ணுதுப்பா" என்று மற்றவரிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். அறுபத்து மூன்று வயதுக்கு மேல் பழக்கத்தை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

இன்ஸ்பெக்டர் சிவசங்கரி அம்மா, வெள்ளைத்தாள் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றீர்கள். அதட்டாமல் சொன்னீர்கள். அதற்காகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் கொளஞ்சிநாதன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் தரம் பார்த்தவன். கம்பெனியை மூடிவிட்டார்கள், பெயர் இப்போது எதற்கு? மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குமே வெள்ளைப் பீங்கான் கட்டை, அதுதான் எங்கள் சரக்கு. சூளையிலிருந்து இறக்கியதும் ஒவ்வொன்றையும் மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவேன். நல்ல கட்டை கணீரென்று சொல்லும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சத்தம் செத்து வரும். செத்த சத்தம் வந்தால் சிவப்பு பென்சிலால் ஒரு கோடு போட்டு ஒதுக்கிவிடுவேன். ஊரில் என்னைத் 'தட்டு மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டல்தான், ஆனால் கொஞ்சம் பயமும் அதில் உண்டு. விரிசல் விட்டதை ஒட்டவைக்க முடியாது, திரும்பச் சுடவும் முடியாது. இதைப் புரிந்துகொள்ளாத மேனேஜர்களோடு நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நாச்சியார் ஏரிக்கு வந்தேன். ஸ்ரீமுஷ்ணம் போகிற சாலையில் இடது கைப்பக்கம், நானூறு ஏக்கர். நீங்கள் ஊருக்குப் புதிது, சாலைப் பக்கம் நாற்றம் போன பிறகு பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் பஸ்ஸில் போகிறவர்கள் அந்த வளைவு வந்தால் மூக்கைப் பொத்துவார்கள். தண்ணீர் தெரியாமல் ஆகாயத்தாமரை. அதை விலக்கினால் கருப்பாக எண்ணெய் மினுக்கும். மாடு கூட வாய் வைக்காது. ஏரிப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஆரம்பித்தோம். பேருக்குப் பதினொரு பேர், வேலைக்கு நான் ஒருவன். மூன்று வருஷம். தாமரையை வாரிக் கரையேற்றினேன். சாக்கடை வந்து சேரும் வாய்க்காலில் கோரையும் சம்புப் புல்லும் நட்டு, தண்ணீர் அதில் நின்று வடிந்து வரும்படி செய்தேன். கல்யாண மண்டபத்துக்காரர்களின் குழாயை மனு மேல் மனு போட்டு அடைக்க வைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, இவையெல்லாம் ஆபீஸ் கோப்பில் இருக்கின்றன.

தண்ணீர் தெளிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவது. எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தெளிவு. எங்கள் கம்பெனியில் ஒதுக்கிய பீங்கான் தட்டு ஒன்றை எடுத்து, நடுவில் துளை போட்டு, கயிற்றில் என் சாணுக்கு ஒரு முடிச்சு வைத்துக்கொண்டேன். முதல் நாள் அரைச் சாணிலேயே தட்டு காணாமல் போயிற்று. அன்றைக்கு நான் மதகுப் படியில் உட்கார்ந்து அழுதேன், அம்மா. ஒரு ஏரிக்காக ஒரு ஆண்பிள்ளை அழுவானா என்று கேட்காதீர்கள். அழுதேன்.

மாவட்டக் குழுவிலிருந்து வந்த அதிகாரி ஒரு கணக்குச் சொன்னார். பன்னிரண்டு மாதம், ஒரு மாதம் கூட விட்டுப்போகாமல், இன்ன சென்டிமீட்டருக்குக் கீழே தெளிவு போகாமல் இருந்தால், ஏரியைப் பாதுகாக்கப்பட்ட நீர்நிலையாக அறிவித்து வேலி போட்டு, காவலாளும் போடுவார்கள். ஒரு மாதம் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அவர் சென்டிமீட்டர் என் கைக்கு ஏழு சாண். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை, மதகுப் படியிலிருந்து, கால்மணி இடைவெளி விட்டு மூன்று தடவை இறக்கிப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். அந்த நோட்டில் தேதி, மணி, அளவு, குறிப்பு என்று நாலு கட்டம். கட்டம் எதையும் காலியாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

பதினொரு மாதம் ஓடிவிட்டது. ஏழு, ஏழேகால் என்று மயிரிழையில் தேறிக்கொண்டே வந்தோம். இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். ஜெயராஜ்.

ஜெயராஜை உங்களுக்குத் தெரியும், படமாகத்தான். செப்டிக் டேங்க் லாரி சொந்தமாக வைத்து ஓட்டியவன், முப்பத்தெட்டு வயது. ஊரின் வீடுகளில் உறிஞ்சுவதையெல்லாம் கொண்டுவந்து ஏரியின் வடமேற்கு மூலையில் குழாயைத் திறந்துவிடுவான். அங்கேதான் லாரி பின்னால் வரத் தோதான அகலம். ஒருநாள் தட்டிக் கேட்டேன். "அண்ணே, ஊரு பூரா போறத நான் எங்கண்ணே கொண்டு போயி கொட்டுவேன்? சேத்தியாத்தோப்பு தாண்டிப் போவணும், டீசலு யாரு போடறது?" என்றான். சிரித்த முகம். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசமாட்டான். மனு கொடுத்தேன், அபராதம் போட்டார்கள், கட்டிவிட்டு மறுநாள் வந்தான். அவன் பேசும்போதெல்லாம் நான் காதைக் கொடுத்துக் கேட்பேன். சத்தம் செத்துத்தான் கேட்டது.

அந்த மூலையில் கரையோரம் ஒரு பள்ளம் இருக்கிறது, பன்னிரண்டு அடி ஆழம், உள்ளே வெள்ளைச் சேறு. கரையை ஒட்டிய பாதி காய்ந்து புழுதி படிந்து கிடக்கும், ஏரிப்பக்கத்துப் பாதியை அவன் ஊற்றிய கருப்புத் தண்ணீர் மூடியிருக்கும். அது எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். பீங்கான் மண் குழம்புக்கு ஒரு குணம் உண்டு. அசைக்காமல் விட்டால் தயிர் மாதிரி உறைந்து, மேலே ஏடு கட்டிக் காய்ந்து, தரை மாதிரியே ஆகிவிடும். ஆள் பதமாக நடந்தால் தாங்கும். ஆனால் குலுக்கினால் அந்தக் கணமே மோராகிவிடும். எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே இது தெரிந்துவிடும், வெளியாளுக்குச் சொன்னாலும் நம்பமாட்டான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு டிராக்டரின் பின்சக்கரம் அதில் இறங்கியது. அதற்குப் பிறகு நான்தான் கம்பெனியில் ஒதுக்கிய பெரிய கட்டைகள் இருபத்திரண்டைக் கொண்டுவந்து, கெட்டித்தரை முடிகிற இடத்தில் வரிசையாகப் பாதி புதைத்து வைத்தேன். கண்ணாடியில் பார்த்து, வெள்ளைக் கட்டை வரைக்கும் வண்டியைப் பின்னால் எடுக்கலாம், அதற்கு மேல் ஒரு அடி கூடாது. ஜெயராஜே ஒருமுறை சொன்னான், "ஒங்க கட்டை இருக்கங்காட்டிதாண்ணே தைரியமா ரிவர்ஸு எடுக்கறேன்."

மாசி மகம் முடிந்த திங்கட்கிழமை விடிகாலையில் அந்த வரிசையை எட்டு அடி ஏரிப்பக்கம் தள்ளி வைத்தேன். பலகை போட்டு அதன் மேல் நடந்து, ஒவ்வொன்றாக. ஒரு கட்டை பதினாலு கிலோ. வாரிப்போட்ட தாமரைச் சருகை மேலே பரப்பி, பழைய குழிகளை மூடி, கொஞ்சம் புழுதியும் தூவினேன். வரிசை நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். இருந்தது.

வண்டி மாட்டிக்கொள்ளட்டும், கையும் களவுமாகப் பிடிபடட்டும் என்றுதான் செய்தேன். நேற்று உங்களிடம் இப்படித்தான் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் எழுதுகிறேன். ஆனால் மேலே அந்தச் சேற்றின் குணத்தையும் நானேதான் எழுதியிருக்கிறேன்.

திங்கள் லாரி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை சாயந்தரம் ஜெயராஜ் என் வீட்டுக்கு வந்தான். என் மனைவி விருத்தாம்பாள் நாற்காலி போட்டு, டீ கொடுத்தாள். அவன் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணே, ஞாயித்துக்கெழமையிலேருந்து ஏரில ஊத்தறதில்லண்ணே. சேத்தியாத்தோப்புப் பக்கமே கொண்டு போயிடறேன்."

"ஏன், அபராதம் ஏத்திட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லண்ணே. எம் பொண்ணு இனியா இருக்குது இல்ல, அஞ்சாவது படிக்குது. நீங்க ஸ்கூலுக்குப் போயி அந்தத் தட்ட காட்டினீங்களாமே. வூட்டுக்கு வந்து கேக்குது, 'அப்பா, தட்டு தெரியாம போறது உன்னாலதானா?'ன்னு. ரெண்டு நாளா எங்கிட்ட பேசல. சோறு எறங்கலண்ணே."

பிறகு டீயைக் குடித்தான். வெள்ளிக்கிழமை காலையில் காலி டேங்க்கோடு வருவதாகவும், வடமேற்கு மூலையில் தேங்கிக் கிடக்கும் கருப்புத் தண்ணீரைச் சுத்தமாக உறிஞ்சிக் கொண்டுபோய்விடுவதாகவும் சொன்னான். "இத்தினி வருசமா நான் ஊத்துனதுதானே, நானே எடுத்துடறேன். அடிவரைக்கும் எடுத்துட்டா ஒங்க தட்டு எட்டுச் சாணுக்குத் தெரியும்ண்ணே, பாருங்க." போகும்போது விருத்தாம்பாளைப் பார்த்து, "போயிட்டு வரேன்க்கா" என்றான்.

"நல்ல புள்ளங்க. நீங்கதான் அத கரிச்சிக் கொட்டிக்கினே இருந்தீங்க" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு எனக்குப் புதன் இரவும் வியாழன் முழுப் பகலும் இருந்தன. கட்டைகளைப் பழைய இடத்துக்கு ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்கிறீர்கள். முதுகு வலி என்று நேற்றுச் சொன்னேன். திங்கட்கிழமை முதுகு வலிக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். வியாழக்கிழமை நான் அந்த மூலைக்குப் போனேன். வரிசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மதகுப் படியில் இருந்தேன். பன்னிரண்டாவது மாத அளவு. ஏரி சலனமில்லாமல் கிடந்தது. நாமக்கோழிகள் இரண்டு நீந்திப் போயின. லாரி சத்தம் கேட்டது. மதகிலிருந்து அந்த மூலை இருநூறு அடி இருக்கும். ஜெயராஜ் கதவு வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, வந்துட்டேன்" என்று கத்தினான். நான் கையைத் தூக்கினேன். அந்தக் கை 'வா' என்று சொன்னதா, 'நில்' என்று சொன்னதா என்பதை இனி யாரும் நிரூபிக்க முடியாது. அவன் 'வா' என்று எடுத்துக்கொண்டான்.

வண்டி நிதானமாகப் பின்னால் வந்தது. கண்ணாடியில் கட்டையைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தான், கெட்டிக்கார டிரைவர். பின்சக்கரங்கள் ஏட்டின் மேல் ஏறின. ஏடு தாங்கியது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததில் அதிர்வு கொடுத்தது, அவ்வளவுதான். பின்பக்கம் முதலில் இறங்கியது. பிறகு முழு வண்டியும் மல்லாந்தவாக்கில் சரிந்தது. சேறு கேபின் கதவின் பாதிவரை ஏறியது, பிறகும் வண்டி மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே இருந்தது. வெளியிலிருந்து சேறு அழுத்தினால் கதவு திறக்காது. ஜன்னல் வழியாக வர அவன் உடம்பு கொஞ்சம் பெரிது.

மதகுக் கொட்டகையில் முப்பதடிக் கயிறு இருந்தது. பலகையும் இருந்தது. செல்போன் சட்டைப் பையில் இருந்தது, சார்ஜும் இருந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து வண்டி வர இருபது நிமிஷம் ஆகும். இதையெல்லாம் நான் அப்போதே எண்ணிப் பார்த்தேன். பதற்றத்தில் ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் பொய்.

துர்கா, அவன் மனைவி, அன்று மத்தியானம் கரையில் விழுந்து அழுதுகொண்டே என்னைக் கேட்டாள், "அண்ணே, நீங்க இங்கதானே இருந்திருக்கீங்க. கூப்பிட்டிருப்பாரே, ஒங்க காதுல வுழவே இல்லியா?" நான் எட்டு மணிக்கு மேல்தான் வந்தேன் என்றும், பார்த்ததும் தண்ணீரில் குதித்தேன் என்றும் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் விருத்தாம்பாள் என் வேட்டியை மடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு பொட்டு சேறு கூட இல்லியே" என்றாள். அதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

ஆனால் உங்களிடம் என்னைக் கொண்டுவந்தது விருத்தாம்பாள் இல்லை, என் நோட்டு. பன்னிரண்டாவது மாத அளவை நானே கையெழுத்துப் போட்டு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே யாரோ ஒருவர் குறிப்புக் கட்டத்தையும் படித்திருக்கிறார். என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு அதிகாரி குறிப்புக் கட்டத்தைப் படித்தார். நீங்கள் அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு என்னவோ திருப்தியாகத்தான் இருந்தது.

ஏழு பத்து. ஏழரைச் சாண். குறிப்பு: வடமேற்கில் தட்டும் சத்தம்.

ஏழு இருபத்தைந்து. ஏழரைச் சாண். குறிப்பு: சத்தம் தொடர்கிறது. வெண்கலங்கல் மதகுப் பக்கம் நகர்கிறது.

ஏழு நாற்பது. ஏழேகால் சாண். குறிப்பு: கலங்கல் முப்பதடியில். சத்தம் நின்றது.

தண்ணீரில் இறங்கியிருந்தால் அளவு கெட்டிருக்கும். பதினொரு மாதமும் வீணாகி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். உங்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். மூன்று வருஷம் மார்பளவுச் சாக்கடையில் நின்றவனுக்கு அப்படித் தெரியாது.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்று எழுதியாக வேண்டும். ஜெயராஜ் கையில் கிடைத்த எதையோ வைத்துக் கேபினைத் தட்டிக்கொண்டிருந்தான். பின்னால் காலி டேங்க், அதனால் தட்டும் ஒவ்வொரு தட்டும் ஏரி முழுக்கக் கணீரென்று கேட்டது. முப்பத்தாறு வருஷம் தட்டிக் கேட்ட காது இது. புதன்கிழமை அவன் என் வீட்டில் நின்று பேசியபோதும் எனக்கு இதே சத்தம்தான் கேட்டது. விரிசல் இல்லை. அவன் உண்மையாகவே மாறியிருந்தான். எனக்கு அது தெரியும்.

அப்புறம் ஏன் என்று கேட்பீர்கள். அடிவரைக்கும் எடுத்துவிடுகிறேன் என்று சொன்னானே, அதனால்தான்.

அந்தப் பள்ளத்தின் வெள்ளைச் சேறு எங்கள் கம்பெனியுடையது. பதினேழு வருஷம், கழுவிவிட்ட குழம்பும் மெருகு பூசும் ரசாயனக் கழிவும் டேங்கர் டேங்கராக அங்கேதான் இறங்கின. ஊர் மீன் பிடித்துத் தின்ற காலம் அது. முதலில் செத்தது மீன்கள்தான், சாக்கடையெல்லாம் வந்தது அதற்குப் பிறகு. 'தீங்கற்ற கழிவு' என்று ஒவ்வொரு நடைக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டது தரம் பார்க்கிறவன். நான்தான். ஜெயராஜின் கருப்புத் தண்ணீர் அதை மூடி வைத்திருந்தது. அதை அவன் உறிஞ்சி எடுத்தால், அடியில் பன்னிரண்டு அடிக்கு வெள்ளையாகக் கிடப்பதை ஊரே பார்க்கும். நாச்சியார் ஏரியைக் கொன்றவன் பெயரும், காப்பாற்றியவன் பெயரும் ஒன்றுதான் என்று தெரிந்துவிடும். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் எப்படிச் சொல்வேன்?

ஆக, கட்டையைத் தள்ளி வைத்தது நான். அவன் வருவான் என்று தெரிந்தும் அப்படியே விட்டது நான். சாகட்டும் என்று நினைத்துத்தான் கையைத் தூக்கினேன். முப்பது நிமிஷம் அவன் உயிரோடு இருந்ததைக் கேட்டுக்கொண்டே தட்டை இறக்கினேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இரண்டு வேண்டுகோள். பன்னிரண்டாவது அளவைத் தள்ளிவிட வேண்டாம் என்று மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். மூன்றும் சரியான அளவுகள், கலங்கல் வந்து சேருவதற்கு முன் எடுத்தவை.

இன்னொன்று, கொட்டகையில் என் தட்டும் கயிறும் தொங்குகின்றன. அவற்றை இனியாவிடம் கொடுத்துவிடுங்கள். கெட்டிக்காரப் பெண், ஸ்கூலில் அன்றைக்கு அவள் ஒருத்திதான் கேள்வி கேட்டாள். மாதாமாதம் அவள் அளக்கட்டும். முதல் சில மாதம் தட்டு அரைச் சாணிலேயே மறைந்துவிடும். லாரி விழுந்து கலக்கிய சேறு அது, படிய நாளாகும். அதற்காக அப்பாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.